கர்ணத்தின் மிச்சம்

செங்கோண முக்கோணத்தின் கர்ணத்துக்கு, போதாயனார் பெயரில் தமிழில் ஒரு வாய்பாடு வழங்குகிறது: நீண்ட பக்கத்தில் எட்டிலொரு பங்கைத் தள்ளி, சிறிய பக்கத்தில் பாதியைச் சேர். வர்க்கமூலமே வேண்டாம். 3, 4 என்றால் 5; 5, 12 என்றால் 13. பிதாகரஸை முந்திவிட்டோம் என்று மேடையில் முழங்க இந்த இரண்டு உதாரணங்கள் போதும்.

ஏன் எப்போதும் இதே இரண்டு? நீண்ட பக்கத்தை 1 என்றும் சிறியதை ப என்றும் வைத்து, வாய்பாட்டின் வர்க்கத்தை உண்மையான வர்க்கத்தோடு சமன் செய்தால் 48ப² − 56ப + 15 = 0. விடைகள் 3/4, 5/12. வேறெந்த விகிதத்திலும் வாய்பாடு சரியாக வராது. பெருமை பேசுகிறவர்கள் இந்தச் சமன்பாட்டைப் போட்டுப் பார்ப்பதில்லை. அல்லது போட்டுவிட்டு மௌனமாகிறார்கள். இரண்டாவதுதான் ஒழுக்கப் பிரச்னை.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பி ஒருவர் நாலடிச் சதுரச் சட்டத்தின் குறுக்களவை இப்படிக் கணித்தால் ஐந்தரை அடி வரும். உண்மை 5.657. ஏறக்குறைய இரண்டங்குலம் குறைந்து சட்டம் கோணிக்கொள்ளும். மரத்திடம் மேடைப் பேச்சு எடுபடாது.

தோராயம் பொய்யல்ல. இரண்டின் வர்க்கமூலத்தை எந்தப் பின்னத்தாலும் முடித்துவைக்க முடியாது. சுல்ப சூத்திரக்காரர்களின் 577/408 கூட ஐந்து தசமஸ்தானம்வரைதான் ஒத்துப்போகிறது. அந்த அளவுக்கு அவர்கள் இட்ட பெயர் சவிசேஷம். மிச்சத்தோடு கூடியது என்று அதற்குப் பொருள் கொள்பவர்கள் உண்டு.