அந்த 'நாம'வில் யார் யார்?

போரிவலி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இப்படியொரு காடு இருக்கிறது என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. சுமார் 104 சதுர கிலோமீட்டர். உள்ளே விஹார், துளசி என்று நகரத்துக்குக் குடிநீர் தரும் இரண்டு ஏரிகள், பாறையைக் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட கன்ஹேரி பௌத்தக் குகைகள், வார்லி பழங்குடிகளின் குடியிருப்புகள். கூடவே சிறுத்தைகள்.

"நாம சிறுத்தையோட சேர்ந்து வாழக் கத்துக்கிட்டோம்டா" என்றான் கூட வந்த நண்பன். பன்னிரண்டாவது மாடியில் குடியிருப்பவன். அவன் பெருமைப்பட விஷயம் இருக்கிறது. 2004இல் இந்தக் காட்டைச் சுற்றிச் சிறுத்தை தாக்கிப் பலர் இறந்தார்கள். வேறு இடங்களில் பிடித்த சிறுத்தைகளை இங்கே கொண்டுவந்து விட்டதும் ஒரு காரணம் என்று பிறகு ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் காலியான இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும். ஆகவே கூண்டு தீர்வில்லை என்ற எண்ணம் மெல்ல வேரூன்றியது.

எனக்கு உறுத்தியது அந்த 'நாம'தான். சிறுத்தை இரவில் காட்டின் விளிம்புக்கு வருவது பெரும்பாலும் தெருநாய்க்காக. நாய் வருவது குப்பைக்காக. குப்பை அள்ளப்படாமல் கிடப்பது பெரும்பாலும் குடிசைப் பகுதிகளில். வீட்டில் கழிப்பறை இல்லாமல் இருட்டில் புதர்ப்பக்கம் போகிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். நண்பனுக்குச் சிறுத்தை என்பது செல்போனுக்கு வரும் சிசிடிவி காட்சி. ஆக, பெருமை ஒருத்தருக்கு, பயம் இன்னொருத்தருக்கு.

"அப்போ பிடிச்சிடணும்ங்கறியா?" என்று கேட்டான். இல்லை. பிடிப்பதால் குடிசையில் இருப்பவருக்கும் நன்மை கிடையாது. வார்லி மக்கள் வாகோபா என்று புலியையும் சிறுத்தையையும் தெய்வமாக வணங்குகிறார்கள். அந்த வணக்கத்தில் பயமும் இருக்கிறது, அது அவர்களுடைய சொந்தப் பயம். தன் உயிரைப் பணயம் வைத்து ஒரு விலங்கைப் பொறுத்துக்கொள்வதை அறம் என்று சொல்லலாம். அடுத்தவர் உயிரை வைத்துப் பொறுத்துக்கொள்வதை என்னவென்று சொல்ல?

காட்டை நேசிக்கிறேன் என்று சொல்லும் நகரவாசியின் முதல் கடமை காட்டுக்கு வெளியே இருக்கிறது என்று நினைக்கிறேன். தினமும் வரும் குப்பை வண்டி, எரிகிற தெருவிளக்கு, கதவுள்ள கழிப்பறை. இவற்றைக் கேட்டு வாங்கித் தருவதில் பன்னிரண்டாவது மாடியும் பங்கெடுக்கட்டும். அதன் பிறகு அந்த 'நாம'வை நானும் சந்தோஷமாகச் சொல்வேன்.