மாலைக்குள் முகம்

இறந்தவரின் படத்துக்குப் பொட்டிட்டு மாலை சாத்தியதும் நம் கடமை தீர்ந்ததாக நினைக்கிறோம். சுடப்பட்டு இறந்தவர் விஷயத்தில் அது தீருமா?

2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த மக்கள்மேல் போலீஸார் சுட்டதில் 13 பேர் மாண்டார்கள். குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்றது அரசு. சுட்டது வரம்பு மீறிய செயல் என்றது 2022-இல் வெளியான அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை.

தொகையும் அறிக்கையும் அவர்களை எண்ணிக்கையாகவே வைத்திருக்கின்றன. ஓவியன்தான் அவர்களை ஒவ்வொருவராக நமக்குத் திருப்பித் தருகிறான். ஆனால், ‘தியாகி’ என்று ஒளிவட்டம் தீட்டினால் அவனும் தவறு செய்தவனாவான். அவர்கள் சாவதற்கென்று புறப்படவில்லை. மாலையில் வீடு திரும்பும் எண்ணத்தோடுதான் போனார்கள். தியாகியைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். வீடு திரும்ப வேண்டியிருந்த மனிதரின் முகத்துக்கோ, நாம் பதில் சொல்லியாக வேண்டும்.