தலை நிமிர்ந்து சொல், உன் கல்லூரிப் பெயரை!

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா. சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது யாராவது ஒரு மாமி கேட்பார்: "பொண்ணு எந்த காலேஜ்?" உன் அம்மாவின் குரல் இறங்கும். "இப்போதைக்குப் பக்கத்துலதான்... கம்யூனிட்டி காலேஜ்." "என்ன படிக்கிறா?" "ஏதோ மரம், மீன், தண்ணின்னு..."

அந்த "இப்போதைக்கு", அந்த "ஏதோ" இரண்டும் உன்னைக் குத்தியிருக்கும். மகளே, அடுத்த முறை அம்மாவை முந்திக்கொண்டு நீயே பதில் சொல். இயற்கை வளப் பாதுகாப்பு படிக்கிறேன் என்று வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொல்!

கம்யூனிட்டி காலேஜின் இரண்டாண்டுப் படிப்பு என்றால் இளப்பமா? 1901இல் சிகாகோவுக்கு அருகே ஜோலியட் நகரில் ஆறே மாணவர்களோடு இப்படி ஒரு கல்லூரி தொடங்கியது. பள்ளிக்கு மேல் படிக்க ஆசை இருந்தும் ஊரை விட்டுப் போக வழியில்லாத பிள்ளைகளுக்காகத் திறந்த கதவு அது. இன்று அமெரிக்கா முழுக்க ஏறக்குறைய ஆயிரம் கதவுகள். வசதி குறைந்தவர்களுக்காகத் திறந்ததாலேயே ஒரு கதவு தாழ்ந்ததாகிவிடுமா? அறிவைப் பணத்தால் அளக்கும் பழக்கம் நம் சமூகத்தில் ஊறிப்போயிருக்கிறது. அதற்கு நீ ஏன் தலைகுனிய வேண்டும்?

நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் கம்யூனிட்டி காலேஜை எடுத்துக்கொள். ஹனியோய் ஏரியின் தென்கோடியில் அதற்கென்று ஒரு கள நிலையமே இருக்கிறது. இந்தப் படிப்பின் வகுப்பறை அப்படிப்பட்ட இடம்தான். இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள கறுப்பு வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவாய். தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அதுதான் நீரின் தெளிவுக்கு அளவு. சென்ற மாதம் மூன்று மீட்டரில் மறைந்த தட்டு இந்த மாதம் ஒன்றரை மீட்டரிலேயே மறைந்தால், பாசி பெருகியிருக்கலாம், மண் கரைந்து வந்திருக்கலாம். கரையேறி வயல்களைப் பார். எந்த வயலின் உரம் மழையோடு இறங்கிவந்து பாசிக்குத் தீனி போடுகிறது என்று தேடு.

ஓடையில் ஒரு கல்லைப் புரட்டு. ஸ்டோன்ஃபிளை என்ற பூச்சியின் இளம்பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தால், அங்கே தண்ணீர் குளிர்ந்து, தூய்மையாக, ஆக்சிஜன் நிறைந்து ஓடுகிறது. நீர் கெட்டால் முதலில் காணாமல் போகும் உயிர்களில் அதுவும் ஒன்று. அந்தப் பூச்சியின் சாட்சியத்தைப் படிக்கத் தெரிந்தவள் நீ. இந்தக் கல்வியையா "ஏதோ" என்று சொல்வது?

ஹ்யூ ஹாமண்ட் பென்னட் என்ற பெயரை மனத்தில் எழுதிக்கொள். வட கரோலினாவில் பருத்தி விளையும் பூமியில் பிறந்தவர். பல்கலைக்கழகம் முடித்து மண் கணக்கெடுக்கும் வேலைக்கு வந்தவர். 1905இல் வர்ஜீனியாவின் லூயிசா கவுண்டியில், அடுத்தடுத்திருந்த இரண்டு நிலங்களில் அவர் குனிந்து பார்த்தார். காட்டு மண் பொலபொலவென்று ஆழமாக இருந்தது. உழுத நிலமோ மேல்மண் போய் இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு மழையும் ஒரு மெல்லிய படலத்தை யாருக்கும் தெரியாமல் உரித்துக்கொண்டு போகிறது என்று அவருக்குப் புரிந்தது. அதை நாட்டுக்குப் புரியவைக்க அவருக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன! எழுதினார், பேசினார், மீண்டும் எழுதினார். 1935இல் அமெரிக்கப் பெருஞ்சமவெளியின் புழுதி வானத்தை மறைத்துத் தலைநகர் வாஷிங்டன்வரை பறந்து வந்த பிறகுதான் மண் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பட்டம் அவரை அந்த வயல்வரை கொண்டுவந்து விட்டது. குனிந்து பார்த்த முதுகு அவருடையது. முப்பது ஆண்டு சளைக்காத நாக்கும் அவருடையது.

வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றையும் பார். மீன் ஏற வழியே விடாமல் 1913இல் ஓர் அணை, 1927இல் இன்னொன்று. சால்மன் மீன்கள் கடலிலிருந்து வந்து, முட்டி நின்றன. அந்த மீனை நம்பி வாழ்ந்த கிளாலம் பழங்குடியினர் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2011 முதல் 2014வரை இரண்டு அணைகளும் இடிக்கப்பட்டன. சால்மன் திரும்பி ஏறியது. ஆனால் அணை இடிந்ததோடு வேலை தீரவில்லை. வற்றிய நீர்த்தேக்கத்தின் மொட்டை வண்டலில் விதை தூவ வேண்டும், நாற்று நட வேண்டும், ஏறிவரும் மீனை எண்ண வேண்டும். முழங்கால்வரை சேற்றில் நின்று அதைச் செய்யத் தெரிந்த கைகள் வேண்டும். நீ பயில்வது அந்தக் கைத்திறனைத்தான்.

உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன். முதல் வேலை பெரும்பாலும் பருவகால வேலையாக இருக்கும், சம்பளம் சொற்பமாக இருக்கும். ஐ.டி.யில் சேர்ந்த அத்தை மகன் கார் வாங்கியிருப்பான். அந்த நாட்களில் நீ அசையாமல் நிற்க வேண்டும். மேலே படிக்க வேண்டுமானால், இங்கே பெற்ற கிரெடிட்களோடு நான்காண்டுக் கல்லூரிக்கு மாறலாம். அந்த வழியில் போனவர்கள் ஏராளம். போகும்போது, தண்ணீரில் இறங்கிப் பழகிய கால்களோடு போவாய்.

நாளைக் காலை ஓடையில் களப்பயிற்சி இருக்கிறது அல்லவா? உன் ரப்பர் பூட்ஸ் இன்னும் ஈரத்தோடு வாசலில் கிடக்கிறது. அம்மாவையும் கூப்பிடு. ஒரே ஒரு கல்லைப் புரட்டி அவர் கையில் கொடு.