மாத்திரை விழுங்காத மகள்

1960களின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்களிடம் ஒரு புதிர் வந்து சேர்ந்தது. பதினைந்து வயது முதல் இருபத்திரண்டு வயது வரையிலான சில பெண்களுக்கு யோனிக்குழாயில் ஓர் அபூர்வப் புற்றுநோய். அந்த இடத்தில் புற்று வருவதே அரிது. வந்தாலும் முதிய பெண்களுக்குத்தான் வரும். எப்படி விசாரித்தும் பிடி கிடைக்கவில்லை. கடைசியில் வழிகாட்டியது ஒரு தாய். மகளை வயிற்றில் சுமந்தபோது தான் சாப்பிட்ட மாத்திரைக்கும் இதற்கும் தொடர்பிருக்குமோ என்று அவர் டாக்டர் ஹவர்ட் உல்ஃபெல்டரிடம் கேட்டார்.

தொடர்பு இருந்தது. ஆர்தர் ஹெர்ப்ஸ்ட், உல்ஃபெல்டர், டேவிட் பாஸ்கன்சர் மூவரும் 1971 ஏப்ரலில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நோயுற்ற 8 பெண்களில் 7 பேரின் தாய்மார் கர்ப்பகாலத்தில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை உட்கொண்டிருந்தார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட 32 தாய்மாரில் ஒருவர்கூட அதைத் தொட்டதில்லை. அந்த மருந்தைச் சுருக்கமாக டி.இ.எஸ். என்பார்கள். மாத்திரையை விழுங்கியவர் தாய்; நோயில் விழுந்தவள் மகள், அதுவும் ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து. சீட்டு எழுதிய மருத்துவருக்கு அன்று இது தெரியாது. தெரியாமல் செய்த தீங்கை அறம் எந்தக் கணக்கில் எழுதும்?

கன்று தேர்க்காலில் விழுந்ததை இளவரசன் அறியவில்லை என்பதை மனுநீதிச் சோழன் ஒரு சமாதானமாகவே ஏற்கவில்லை. அந்த அளவுகோலை அப்படியே எடுத்து மருத்துவத்தின்மேல் வைத்தால் உலகில் ஒரு டாக்டரும் ஒரு மாத்திரையும் எழுத முடியாது. எந்தப் புதிய மருந்திலும் தெரியாதது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதனால் டி.இ.எஸ். விவகாரத்தில் கேட்க வேண்டியது வேறு: என்ன தெரியாது, எதுவரை தெரியாது, தெரிந்துகொள்ள வாய்ப்பு வந்தபோது என்ன செய்தார்கள்?

தொடக்கத்தில் யாரையும் வில்லனாக்க முடியாது. லண்டனில் சார்லஸ் டாட்ஸும் அவருடைய சகாக்களும் 1938இல் இந்தப் பொருளை உருவாக்கினார்கள். பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு என்பதால் காப்புரிமை வாங்கவில்லை. மலிவாகச் செய்யலாம், வாய்வழியே கொடுக்கலாம். நல்லெண்ணத்தில் திறந்துவிட்ட கதவு வழியே பல நிறுவனங்கள் நுழைந்து விற்கத் தொடங்கின. 1941இல் மாதவிடாய் நிற்கும் காலத்து உபாதைகள் போன்றவற்றுக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. 1947இல் கர்ப்பகாலத்துக்கும் கொடுத்தது. பாஸ்டனைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் தம்பதியர், கருச்சிதைவை இது தடுக்கும் என்று நம்பினார்கள். அவர்களுடைய கருத்துக்கு மதிப்பிருந்தது. திரும்பத் திரும்பக் கரு கலைந்து வெறுங்கையோடு வீடு திரும்பும் பெண்ணிடம், "இதைச் சாப்பிடு, நிற்கும்" என்று சொல்ல ஒரு வழி கிடைத்தால் எந்த மருத்துவர்தான் சும்மா இருப்பார்? அந்தக் கருணையைக் கேலி செய்வதில் நியாயமில்லை.

எச்சரிக்கைகள் முன்பே இருந்தன என்பதும் உண்மை. 1938இலேயே பாரிஸில் அந்துவான் லக்காசான் இதே பொருளை எலிகளுக்குக் கொடுத்து மார்பகப் புற்றைக் கண்டார். சினை எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் குட்டிகளின் பிறப்புறுப்பு கோணலாகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1940 வாக்கில் எழுதினார்கள். எலி வேறு, மனிதர் வேறு என்ற பதில் அன்று வந்தது, இன்றும் வருகிறது. அந்தப் பதிலில் பாதி நியாயம் உண்டு. எலிக்கு ஆகாத எல்லாவற்றையும் விலக்கினால் மருந்துக்கடையில் பாதி அலமாரி காலியாகும்.

ஆனால் 1953க்குப் பிறகு இந்தச் சலுகைக்கு இடமில்லை. அந்த ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் டீக்மனின் குழு, சுமார் 1,600 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டி.இ.எஸ்., மறுபாதிக்கு வெறும் மாத்திரை என்று கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டது. மருந்தால் ஒரு பயனும் இல்லை. கருச்சிதைவு குறையவில்லை, குறைப்பிரசவம் குறையவில்லை. அதே புள்ளிவிவரங்களை 1978இல் வேறு இருவர் மறுபடி கணக்கிட்டபோது, மருந்து எடுத்தவர்களிடம்தான் இந்தத் தீங்குகள் கூடுதலாக இருந்தன என்று தெரிந்தது.

ஆபத்து தெரியாது என்பது வேறு, பயன் இல்லை என்று தெரிந்தும் கொடுப்பது வேறு. பயன் இருக்கும்வரைதான் ஆபத்தை எடைபோட முடியும். தராசின் ஒரு தட்டு காலியாகிவிட்டது என்றால் மறுதட்டில் ஒரு குன்றிமணி விழுந்தாலும் அது கனம்தான். பதினெட்டு ஆண்டுகள் அந்தக் காலித் தட்டைப் பார்த்தும் பார்க்காதவர்போல் மருந்துச்சீட்டுகள் எழுதப்பட்டன. 1957இல் ஒரு நிறுவனம், சிக்கல் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, எல்லாக் கர்ப்பிணிகளுக்குமே இதை வழக்கமாகக் கொடுக்கலாம், குழந்தை பெரிதாகவும் வலுவாகவும் பிறக்கும் என்று மகப்பேறு மருத்துவ இதழிலேயே விளம்பரம் செய்தது. 1959இல் கோழிகளைக் கொழுக்கவைக்க டி.இ.எஸ். பயன்படுத்துவதை அமெரிக்க அரசு நிறுத்தியது. கர்ப்பிணிகளுக்குக் கூடாது என்ற அறிவிப்பு 1971 நவம்பரில்தான் வந்தது. கோழிக்கறி தின்பவருக்குக் கிடைத்த பாதுகாப்பு கருவிலிருந்த சிசுவுக்குக் கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டு பிடித்தது. பிரான்சில் இன்னும் தாமதம்: 1977.

ஏன் தாய்க்குப் பெரிதாக எதுவும் ஆகாமல் மகளுக்கு ஆனது? வளர்ந்த உடலில் ஹார்மோன் வந்து வேலை செய்துவிட்டுப் போகும். மாத்திரையை நிறுத்தினால் விளைவும் பெரும்பாலும் அடங்கிவிடும். கருவில் அப்படியல்ல. அங்கே கருப்பையும் குழாய்களும் உருவாகும் சில வாரங்களுக்கு ஹார்மோன் ஒரு கொத்தனார். ஈரச் சிமெண்டில் பதிந்த காலடி காய்ந்த பின் அழியாது. மேலும், இயற்கை ஈஸ்ட்ரோஜனை ரத்தத்திலுள்ள புரதங்கள் பெருமளவு பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தச் செயற்கைப் பொருளை அப்படிப் பிடிப்பதில்லை. டி.இ.எஸ். மகள்களில் சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு அந்தப் புற்று வந்தது. ஆயிரத்தில் ஒன்றுதானே என்று சிலருக்குத் தோன்றலாம். மற்றவர்களில் பலருக்குக் கருப்பை உருமாறியிருந்தது. கருத்தரிக்க முடியாமல், கரு நிற்காமல், குறைப்பிரசவமாகிப் பாடுபட்டார்கள். தாயின் கரு கலையக்கூடாது என்று கொடுத்த மாத்திரை மகளின் கருவைக் கலைத்தது.

அதே டி.இ.எஸ். இன்னோர் இடத்தில் நன்மையும் செய்தது. ஆண்களின் புராஸ்டேட் புற்று ஹார்மோனைச் சார்ந்து வளர்கிறது என்று 1941இல் காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ். 1966இல் நோபல் பரிசு பெற்றார். அந்த நோயாளிகளுக்கு டி.இ.எஸ். பல ஆண்டு கொடுக்கப்பட்டது. அளவு கூடினால் இதயத்துக்கு ஆபத்து என்று பின்னர் தெரிந்தது. இருந்தும் அங்கே அறச்சிக்கல் இவ்வளவு கூர்மையாக இல்லை. மருந்தை விழுங்கியவரும், நோய் தணியப் பெற்றவரும், ஆபத்தைச் சுமந்தவரும் ஒரே ஆள். எடுப்பதா வேண்டாமா என்று அவரிடம் கேட்க முடியும். மகளிடம் யார் கேட்டது? கேட்க அவள் பிறக்கவே இல்லை.

தாயிடமாவது கேட்டார்களா? சிகாகோ ஆய்வில் பங்கேற்ற பெண்கள் பின்னாளில் வழக்குத் தொடுத்தார்கள். தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதோ, விழுங்கியது டி.இ.எஸ். என்பதோ தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்பது அவர்கள் குற்றச்சாட்டு. 1971இல் ஆபத்து உலகறிந்தது. தங்களுக்குத் தகவல் வந்தது 1975 கடைசியிலோ 1976 தொடக்கத்திலோதான் என்றார்கள். இந்த இடைவெளிக்கு எந்தச் சமாதானமும் பொருந்தாது. முன்பு நடந்தது அறியாமை என்றே வைத்துக்கொள்வோம். அறிந்த பின் வாய்மூடியிருந்த ஒவ்வொரு மாதமும், மகளைப் பரிசோதனைக்கு அழைத்துப்போகும் வாய்ப்பை ஒரு தாயிடமிருந்து பறித்த மாதம். இந்த விவகாரத்திலேயே கனமான பழியை இங்கேதான் வைக்க வேண்டும்.

டாட்ஸ் 1936இல் சோதித்த இன்னொரு பொருளுக்கும் ஈஸ்ட்ரோஜன் குணம் இருந்தது: பிஸ்பினால் ஏ. மருந்தாக அது எடுபடவில்லை. இருபது ஆண்டு கழித்துக் கெட்டிப் பிளாஸ்டிக்கிலும் தகர டப்பாக்களின் உட்பூச்சிலும் குடியேறியது. டி.இ.எஸ். சாப்பிட்டவருக்கு ஒரு மருந்துச்சீட்டாவது இருந்தது. இதற்கு அதுவும் இல்லை. 1980களின் கடைசியில் பாஸ்டனில் அனா சோட்டோ, கார்லோஸ் சொன்னன்ஷைன் இருவரின் ஆய்வகத்தில் ஒரு விந்தை நடந்தது. ஈஸ்ட்ரோஜன் இருந்தால் மட்டுமே பெருகும் மார்பகப் புற்று செல்கள், எதுவும் சேர்க்காத குழாயிலும் பெருகின. குற்றவாளி பிளாஸ்டிக் குழாயேதான். அதில் என்ன கலந்திருக்கிறது என்று தயாரித்த நிறுவனத்தைக் கேட்டால் வணிக ரகசியம் என்றார்கள். ஆய்வாளர்களே பகுத்துப் பார்த்து அது நோனைல்பினால் என்று கண்டுபிடித்தார்கள். ரகசியம் காக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் அது அடுத்தவர் உடலுக்குள் போகும் பொருளின் ரகசியமாக இருக்கக் கூடாது.

மறுதரப்பிலும் சொல்ல இருக்கிறது. டப்பாவின் உட்பூச்சு வீணாக வந்ததல்ல. துருவையும் உணவு கெடுவதையும் தடுக்க வந்தது. பிஸ்பினால் ஏ-ஐ அவசரமாகத் தூக்கியெறிந்த இடங்களில் பிஸ்பினால் எஸ் என்ற தம்பி வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் அண்ணனின் குணம் இருக்கிறது. நிபுணர்களும் ஒரே குரலில் பேசவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பிஸ்பினால் ஏ-க்கான அன்றாட வரம்பை 20,000 மடங்கு குறைத்தது. ஜெர்மனியின் அரசு ஆய்வு நிறுவனம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. உணவைத் தொடும் பொருள்களில் பிஸ்பினால் ஏ-க்கு ஐரோப்பியத் தடை 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. டி.இ.எஸ். அளவுக்கு இதில் சாட்சி தெளிவாக இல்லை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தூக்கிலிடுவது நேர்மையும் அல்ல.

ஆனால் சாட்சி மங்கலாக இருக்கும்போது நிரூபிக்கும் பாரம் யார் தலையில்? இதில் ஒரு தீர்ப்பு சொல்லியாக வேண்டும். லாபம் ஒருவருக்கும் ஆபத்து வாய்பேச முடியாத இன்னொருவருக்கும் போகிறது என்றால், தீங்கில்லை என்று காட்ட வேண்டியவர் லாபம் பெறுபவர்தான். நோயுற்ற மகள்தான் நிரூபிக்க வேண்டும் என்றால் அவள் கையில் என்ன இருக்கும்? தாய் இருபது ஆண்டுக்கு முன் எந்தக் கம்பெனி மாத்திரையை விழுங்கினார் என்பதற்கு ரசீது எங்கே? கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1980இல் சிண்டெல் வழக்கில் இந்தச் சிக்கலைத்தான் சந்தித்தது. மாத்திரையைச் செய்தவர் யார் என்று காட்ட முடியாவிட்டாலும், சந்தையில் எவ்வளவு பங்கு விற்றதோ அந்த அளவுக்கு ஒவ்வொரு நிறுவனமும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் முதல் 1 கோடி பேர் வரை, தாய்மாரும் பிள்ளைகளுமாக, டி.இ.எஸ்.ஸுக்கு ஆளானதாக மதிப்பிடுகிறார்கள். 1971இல் கருவிலிருந்த கடைசி மகள்களுக்கும் ஐம்பது வயது கடந்துவிட்டது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1992இல் அவர்களைப் பின்தொடரத் தொடங்கியது. பின்னர் அந்த ஆய்வில் அவர்களுடைய பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள்.