டைப் பண்ணதெல்லாம் போச்சே... இதுவும் முருகன் செயலா?



இன்னைக்கு கொஞ்சம் வேற மாதிரி ஒரு விஷயத்தைப் பத்தி யோசிக்கலாம்.

ஒரு மணி நேரமா உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் டைப் பண்றீங்க. பேரு, ஊரு, படிப்பு, குடும்ப நிலைமை எல்லாம் விலாவாரியா எழுதி முடிச்சு, கடைசி பட்டனைத் தட்டுறீங்க. ‘நேரம் முடிந்துவிட்டது, மறுபடியும் உள்நுழையவும்’னு வருது. திரும்ப உள்ளே போய்ப் பார்த்தா, எல்லாக் கட்டமும் காலி.

அந்த நிமிஷம் நம்ம வாயில ரெண்டுல ஒண்ணு வரும். ஒண்ணு, இங்கே எழுத முடியாத வார்த்தை. இன்னொண்ணு, ‘சரி விடு, எல்லாம் முருகன் செயல்’. முதலாவது தப்புன்னு எல்லாருக்கும் தெரியும். ரெண்டாவது எப்பவுமே சரியா? அதுதான் இன்னைக்குக் கேள்வி.

*முகத்துவாரம் மூடினா என்ன ஆகும்?*

பழவேற்காடு ஏரி தெரியும்தானே? இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. தமிழ்நாடும் ஆந்திராவும் பங்கு போட்டுக்கிட்ட நீர்ப்பரப்பு. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஏரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற இடத்துக்கு முகத்துவாரம்னு பேரு. அங்கே கடல் அலை மணலைக் கொண்டுவந்து தள்ளிக்கிட்டே இருக்கும். மணல் சேரச் சேர வாய் குறுகும். சில காலம் முழுசா அடைபட்டே போயிடும். அப்புறம் படகு கடலுக்குப் போக முடியாது, மீனும் இறாலும் ஏரிக்குள்ளே வர முடியாது. தூர் வாரித் திறந்து விட்டாத்தான் குப்பங்களில் அடுப்பு எரியும்.

இணையத்தின் கதவும் இப்படித்தான் வேலை செய்யுது. நாம ஒரு தளத்துக்குள்ளே நுழைஞ்சதும் அது நமக்கு ஒரு தற்காலிக அடையாளச் சீட்டு கொடுக்கும். நாம கட்டத்துக்குள்ளே எழுதிக்கிட்டே இருந்தாலும், பல தளங்களில் அந்த எழுத்து நம்ம போனிலேயே நிக்கும். கடைசி பட்டனைத் தட்டினாத்தான் அந்தப் பக்கம் போகும். அதனால நாம வேர்வை சிந்தி எழுதுற ஒரு மணி நேரமும், அந்தப் பக்கத்து சர்வருக்கு வெறும் மௌனம்தான். ‘இவர் எழுந்து போயிட்டார்’னு நினைச்சு சீட்டை ரத்து பண்ணிடுது.

இதிலும் ஒரு நியாயம் இருக்கு. பிரவுசிங் சென்டர்ல ஒருத்தர் வெளியேற மறந்துட்டுப் போனா, அடுத்து உட்கார்றவர் கையில் அவரோட கணக்கு மாட்டிக்கும். அதைத் தடுக்கத்தான் அந்த நேரக் கெடு. ஆக, கதவு மூடுறது கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனா உள்ளே இருக்கிறவர் இன்னும் எழுதிக்கிட்டு இருக்கார்ங்கிறது அந்தக் கதவுக்குத் தெரியாது.

*வெறும் வலை, கட்டாத படகு*

கடலோரக் குப்பத்தில் இழப்பு ரெண்டு வகை. விடியக்காலையில் போய் வலை போட்டு, வெறும் வலையை இழுத்துக்கிட்டு வர்ற நாள் உண்டு. டீசல் காசும் போச்சு, தூக்கமும் போச்சு. ‘இன்னைக்குக் கடல் கொடுக்கலை’ன்னு சொல்லிட்டு மறுநாளும் போவாங்க. அந்தப் பேச்சில் சோம்பேறித்தனம் கிடையாது. செய்ய வேண்டியதைச் செஞ்சவங்க பேச்சு அது.

இன்னொரு வகை. கரைக்கு வந்ததும் படகை மேலே இழுக்காம, கயிறும் கட்டாம அலை ஓரத்திலேயே விட்டுட்டுப் போயிடுறார் ஒருத்தர். ராத்திரி தண்ணி ஏறி இழுத்துக்கிட்டுப் போயிடுது. அப்போ ‘கடல் அம்மா விருப்பம்’னு அவர் சொன்னா குப்பத்தில் யாராவது ஒத்துக்குவாங்களா? ‘ஏம்ப்பா கட்டலை?’ன்னுதான் கேட்பாங்க. அதுவும் அந்தப் படகில் நாலு பேருக்குப் பங்கு இருந்தா கேள்வி இன்னும் காட்டமா வரும்.

கடலை நம்பி வாழ்றவங்களுக்குத் தெய்வத்தின் மேல் பக்தி குறைவா என்ன? ஆனாலும் தெய்வத்தின் கணக்கில் எதை எழுதணும், தன் கணக்கில் எதை எழுதணும்னு அவங்களுக்குத் தெளிவாத் தெரியும். நமக்கு அந்த இடத்தில்தான் குழப்பம்.

*16,000 பாட்டில் மிச்சம் எவ்வளவு?*

பழவேற்காடு இருக்கிற அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் சிறுவாபுரி. சொந்த வீடு வேணும்னு நம்மில் பலர் செவ்வாய்க்கிழமை போய் வர்ற முருகன் தலம். அந்தத் தலத்து முருகனை அருணகிரிநாதர் திருப்புகழில் பாடியிருக்கார்.

அருணகிரியார் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவர் பாடியது 16,000 பாட்டு என்பது மரபு. இன்னைக்கு நம்ம கையில் இருப்பது ஏறக்குறைய 1,300. மிச்சம் எங்கே போச்சு? ஓலைச்சுவடி கரையானுக்கும் நீருக்கும் நெருப்புக்கும் தாங்காது. பழசாகிச் சிதையறதுக்குள்ளே உட்கார்ந்து புது ஓலையில் படி எடுக்கணும். எடுக்க ஆள் இல்லைன்னா பாட்டும் இல்லை. சேமிக்காம நேரம் முடிஞ்சு போன எழுத்துன்னா, நமக்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது.

கிடைச்ச 1,300-ம் சும்மா கிடைச்சதில்லை. வ.த. சுப்பிரமணிய பிள்ளை என்று ஒருவர். நீதிமன்ற வேலையில் இருந்தவர், மாவட்ட முன்சீப் வரை உயர்ந்தவர். சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு வழக்கில் சான்றாகக் காட்டிய திருப்புகழ்ப் பாட்டைக் கேட்டு மனம் கரைஞ்சு, இதெல்லாம் எங்கே இருக்குன்னு தேட ஆரம்பிச்சார்னு சொல்வாங்க. ஊர் ஊராகச் சுவடி தேடி, ஒப்பிட்டு, 1890-களில் முதல் தொகுதியை அச்சில் கொண்டுவந்தார். அடுத்த தொகுதியும் வந்தது. 1909-ல் அவர் மறைஞ்ச பிறகு, அவர் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை அதே பணியைத் தொடர்ந்து, விரிவான உரையும் எழுதினார்.

இங்கே கொஞ்சம் நின்னு யோசிங்க. அருணகிரியார் பக்கத்திலிருந்து பார்த்தா எதுவும் தொலையலை. யாருக்காகப் பாடினாரோ, பாடின கணத்திலேயே அவன் காதில் விழுந்தாச்சு. காணிக்கை போட்ட பிறகு உண்டியலைத் திரும்பத் திறந்து எண்ணுவோமா? ஆனா நம்ம பக்கத்திலிருந்து பார்த்தா, பதினாலாயிரத்துக்கு மேல் பாட்டு போச்சு. சுவடி தேடிப் போன பிள்ளையும் ‘போனது போகட்டும், முருகன் செயல்’னு வீட்டில் உட்கார்ந்திருந்தா, இன்னைக்கு நாம கோயிலில் கேட்கிற திருப்புகழில் எத்தனை மிஞ்சியிருக்கும்?

பாடிட்டு விட்டது ஒரு பக்தி. விட்டுடாமல் தேடினது இன்னொரு பக்தி. ரெண்டும் அவன் திருவடிக்குத்தான் போகுது.

*யாருடைய இழப்பு?*

அதனால, எழுதினது தொலைஞ்சு போனா முதல்ல கேட்க வேண்டிய கேள்வி இது: தொலைஞ்சது யாருடையது?

மனசு கனத்து, முருகனுக்கு ஒரு நீண்ட கடிதம் மாதிரி எழுதுறீங்க. அது அழிஞ்சு போச்சு. பரவாயில்லை. எழுதும்போதே அவன் படிச்சுட்டான், மனசும் இறங்கிடுச்சு. அதைத் தேடி அலையத் தேவையில்லை. இங்கே ‘எல்லாம் அவன் செயல்’ என்பது அழகான வார்த்தை.

இன்னொண்ணு நினைச்சுப் பாருங்க. குப்பத்தில் மீன் விக்கிற ஒரு அக்கா. அவங்க பொண்ணோட கல்வி உதவித்தொகைக்கு இன்னைக்குக் கடைசி நாள். ‘தம்பி, நீ கொஞ்சம் போட்டுக் குடுப்பா’ன்னு பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட காகிதங்களைக் கொடுத்துட்டு வியாபாரத்துக்குப் போறாங்க. அவன் பாதி போட்டுட்டு, நடுவில் ரீல்ஸ் பார்த்துட்டு வர்றான். நேரம் முடிஞ்சு எல்லாம் அழிஞ்சிருக்கு. சாயங்காலம் அந்த அக்கா வந்து கேட்கும்போது, ‘முருகன் விருப்பம் இல்லை போல அக்கா’ன்னு சொன்னா அது சரணாகதியா?

இல்லை. நம்ம இழப்பில் நாம பற்றில்லாம இருக்கலாம். அடுத்தவங்க இழப்பில் நாம பற்றில்லாம இருக்க நமக்கு உரிமை இல்லை. தன் பொருளை விடுறதுக்குப் பேரு துறவு. பிறர் பொருளைக் காக்காம விடுறதுக்குப் பேரு அலட்சியம். அதுக்கு முருகன் பேரைப் போர்வையாப் போட்டா, பழியைத் தூக்கி அவன் மேலயே வைக்கிறோம்னு அர்த்தம்.

‘எல்லாத்தையும் சேமிச்சு வைக்கிறதும் ஒரு ஆசைதானே?’ன்னு சிலர் கேட்பாங்க. காஞ்சிபுரம் குமரகோட்டம் கதையை நினைச்சுக்கோங்க. கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் எழுதும்போது, தினமும் நூறு பாட்டு எழுதி ராத்திரி முருகன் சந்நிதியில் வைப்பாராம். காலையில் பார்த்தா திருத்தம் இருக்குமாம். மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். அத்தனையும் முடிச்சுட்டு ஒரேயடியா வைக்கலாம்னு அவர் காத்திருக்கலை. அன்றைய வேலையை அன்றைக்கே அவனிடம் ஒப்படைச்சார். இது ஆசையா, ஒழுக்கமா? நீங்களே சொல்லுங்க.

எவ்வளவு கவனமா இருந்தாலும் போறதும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கடற்கரை நெடுக எத்தனையோ குடும்பங்கள் ரேஷன் கார்டு, சான்றிதழ் எல்லாத்தையும் தண்ணிக்குக் கொடுத்தாங்க. கட்டி வைத்த படகும் போச்சு. அங்கே யாரையும் ‘ஏன் கட்டலை?’ன்னு கேட்க முடியாது. கையால் ஆனதைச் செஞ்ச பிறகு ‘அவன் செயல்’னு சொல்லும்போதுதான் அந்த வார்த்தைக்கு எடை வருது.

*கதவு கட்டுறவங்களுக்கு*

நம்ம வாசகர்களில் ஐ.டி. வேலையில் இருக்கிறவங்க நிறைய. இது உங்களுக்கு. இணையதளம் எல்லாருக்கும் எட்டணும்னு உலக அளவில் வகுத்த விதிமுறையில், 2008-லேயே இதைச் சொல்லியாச்சு. நேரம் முடியும் முன் எச்சரிக்கணும், ஒரு எளிய தட்டலில் நேரத்தை நீட்டிக்க குறைஞ்சது 20 விநாடியாவது தரணும். அதே விதிமுறையின் உயர்ந்த படி, மறுபடி உள்நுழைஞ்சாலும் எழுதினது அழியாம இருக்கணும்னு கேட்குது.

வேகமா டைப் பண்றவங்களுக்கு 15 நிமிஷம் தாராளம். ஒரே விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுற அப்பாவுக்கு, சிக்னல் வந்து வந்து போகிற ஏரிக்கரை ஊர்ப் பொண்ணுக்கு அது போதாது. அவங்க எழுத்தைக் காப்பாத்துற நாலு வரி கோடு எழுதினீங்கன்னா, அதுவும் ஒரு அன்னதானம்தான்.

*மூடப்போகிற இன்னொரு கதவு*

கடைசியா ஒண்ணு. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டை கட்டினாங்க. கோட்டை இடிஞ்சு போச்சு. ஆனா அவங்க கல்லறையில் செதுக்கின எழுத்து இன்னைக்கும் இருக்கு. அதே ஏரியில் மீனவர்களுக்கு ‘பாடு’ன்னு ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடணும்னு சண்டையில்லாம முறை வைத்துப் பிரிச்சுக்கிற ஏற்பாடு. தலைமுறை தலைமுறையா வாய்வழியா வந்த அறிவு. காற்றின் பேரு, நீரோட்டத்தின் குணம், எந்த மாசம் எந்த மீன் வரும் என்பதெல்லாம் பெரியவங்க நினைவில் இருக்கு. அவங்க நேரத்தை நீட்டிக்க நம்மகிட்ட எந்த பட்டனும் இல்லை.

உங்க வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருப்பாங்க. ஆத்தா பாடுற காவடிப் பாட்டு, தாத்தா சொல்ற குலதெய்வக் கதை. இந்த வாரம் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பதிவு பண்ணுங்க. பெரிய விண்ணப்பம் எதுவா இருந்தாலும் முதல்ல நோட்ஸில் எழுதிட்டு அப்புறம் ஒட்டுங்க. அடுத்தவங்களுக்காகப் போடுறதா இருந்தா, முடிச்சுட்டுத்தான் எழுந்திருங்க.

உங்களோடது போனா, சிரிச்சுக்கிட்டே விடுங்க. அடுத்தவங்களோடது போச்சுன்னா, மறுபடியும் உட்கார்ந்து எழுதுங்க. ரெண்டுக்கும் பலம் தர்றவன் அவன்தான்.

யாருக்காவது உதவும்னு தோணினா பகிருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
முருகா சரணம்.