ஞாயிற்றுக்கிழமையும் குடும்பத்தின் ஹக்கும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



போன வாரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு சகோதரர் வந்தார். ஒரகடத்தில் கம்பெனி வேலை, ஷிப்ட் டியூட்டி. "ஹஜ்ரத், ஞாயிற்றுக்கிழமை வீட்டாளுங்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு பீச்சுக்குப் போறேன். அது வீண் வேலை, அந்த நேரத்துல நாலு ரக்அத் நஃபில் தொழலாமேன்னு ஒருத்தர் சொல்றார். போகலாமா, கூடாதா?" என்று கேட்டார். போகலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏன் விடவில்லை என்பதைச் சொல்கிறேன்; அதற்கு முன் ஒரு ஹதீஸ்.

முஸ்லிம் ஷரீஃபில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார். பாரசீகத்தைச் சேர்ந்தவர். ஆணம் காய்ச்சுவதில் கைதேர்ந்தவர். ஒருநாள் நாயகத்துக்காக ஆணம் தயாரித்துவிட்டு விருந்துக்கு அழைக்க வந்தார். பக்கத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இருக்கிறார்கள். இவரும் வரலாமா என்று நாயகம் கேட்டார்கள். அவர் இல்லை என்றார். அப்படியானால் நானும் இல்லை என்றார்கள். அவர் மறுபடியும் அழைத்தார். மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது தடவை அவர் சரி என்றார். இருவரும் எழுந்து, ஒருவர் பின் ஒருவராக அவர் வீட்டுக்கு நடந்து போனார்கள்.

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதற்கு விளக்கம் சொல்லும்போது, மனைவியை விட்டுவிட்டுத் தாம் மட்டும் அந்த உணவைச் சாப்பிடுவதை நாயகம் விரும்பவில்லை என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். அழைத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். அழைப்பு ஒரு சட்டி ஆணத்துக்கு. அதற்கே, வீட்டிலிருக்கும் ஒருவரை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை.

இப்போது என் கதை. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு லீவு, எனக்கு நிக்காஹ் நாள். காலையில் ஒரு மண்டபம், மதியம் ஒரு மண்டபம். மாலையில் யாராவது வீட்டுக் குடிபுகுதலுக்கு துஆ ஓதக் கூப்பிடுவார்கள். வண்டலூர் உயிரியல் பூங்கா நமக்கு எவ்வளவு தூரம்? பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். முன்பு சென்ட்ரல் பக்கம் பார்க் டவுனில் இருந்ததை 1985-ல் இங்கே கொண்டு வந்தார்கள். 602 ஹெக்டேர் காடு. எந்த எந்த ஊரிலிருந்தோ பஸ் பிடித்து வந்து பார்க்கிறார்கள். நான் இந்தப் பள்ளிக்கு வந்து இத்தனை வருஷத்தில் என் பிள்ளைகளை அங்கே இரண்டு தடவை கூட்டிப் போனேன். அதில் முதல் தடவை கணக்கில் சேராது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள், எனக்கும் வேலை இல்லை, போய் இறங்கினால் கேட் பூட்டியிருக்கிறது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. செவ்வாய் பூங்காவுக்கு வார விடுமுறை என்பது ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது தடவை உள்ளே போய்விட்டோம். புலி இருக்கும் பக்கம் போகும்போது போன் வந்தது. ஒரு சகோதரர் மஸ்அலா கேட்கிறார். மனைவியோடு சண்டை, மனைவிக்குக் கணவன் மீது என்னென்ன ஹக்கு இருக்கிறது, சொல்லுங்கள் என்கிறார். நான் ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்று இருபது நிமிஷம் பேசினேன். ஹதீஸ்களை எல்லாம் எடுத்துச் சொன்னேன். அவரும் மனம் இளகி, சரி ஹஜ்ரத் என்றார். திருப்தியோடு போனை வைத்துவிட்டுத் திரும்பினால், என் வீட்டாள் சின்னவளைத் தோளில் தூங்கப் போட்டுக்கொண்டு திண்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். பையன் ஓடி வந்து, "அத்தா, புலி தண்ணிக்குள்ள இறங்கி நீந்துச்சு. நீங்கதான் பாக்கல" என்கிறான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர்கள் கேட்டார்கள்: "போன்ல பேசினவரு இனிமேலாவது அந்தப் பொண்ணை நல்லா வச்சுக்குவாரா?" அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஏழு வருஷம் அரபிக் கல்லூரியில் ஓதியவன் நான், அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்கு என் தாயாரை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். முழங்கால் வலி, அவர்களால் நடக்க முடியாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். வருகிறீர்களா அம்மா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் பெரியவர்கள் ஏறிச் சுற்றிப் பார்க்கப் பேட்டரி வண்டியே ஓடுகிறது. வீட்டுக்கு வந்ததும் அம்மா பேரனிடம் கேட்ட முதல் கேள்வி, "யானை இருந்துச்சாடா?" என்பதுதான். எழுபது வயதில் அவர்களுக்கும் யானை பார்க்க ஆசை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இவரும் வரலாமா என்று நாயகம் மூன்று தடவை கேட்டார்களே, நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஆகவே அந்தச் சகோதரருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் போகலாம் என்பது மட்டுமல்ல. யார் யாரைக் கூட்டிப் போகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அத்தாவையோ அம்மாவையோ விட்டுவிட்டுப் போகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அத்தா சவூதியில் இருப்பார், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். நம் பிள்ளை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியில் ஏறுவதை அது வாசலில் நின்று பார்க்கும். காரில் ஓர் இடம் இருந்தால் அதன் தாயிடம் கேட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கூட வருகிறவர்களிலும் ஒருவர் வராதவர் மாதிரியே வருகிறார். யார்? நம் வீட்டுப் பெண். ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றால் அவர்கள் ஃபஜ்ருக்கு முன்பே அடுப்படியில் நிற்கிறார்கள். பிரியாணி, தாளிச்சா, தயிர்ப் பச்சடி, சின்னவனுக்குத் தனியாக இட்லி. போய் இறங்கினால் விரிப்பு விரிப்பதும் அவர்கள், பரிமாறுவதும் அவர்கள். நாம் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுக்கிறோம். வந்து இறங்கியதும் எண்ணெய்ப் பாத்திரம் அத்தனையும் அவர்கள் தலையில். அவர்களுக்கு அன்றைக்கு அடுப்படி மகாபலிபுரத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நாயகம் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அஸ்வத் (ரஹ்) அவர்கள் அன்னை ஆயிஷாவிடம் கேட்டபோது, வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று சொன்னார்கள். புகாரியில் இருக்கிறது. சனிக்கிழமை இரவு வெங்காயம் உரித்துக் கொடுப்பது ஆண்மைக்கு இழுக்கு இல்லை, சகோதரர்களே. அதுவும் முடியாவிட்டால் வழியில் நாலு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள், அவர்கள் ஃபஜ்ர் தொழுதுவிட்டு நிம்மதியாகக் கிளம்பட்டும்.

வெளியே போகிற இடத்தில்தான் அதிகம் சண்டை வருகிறது, கவனித்திருக்கிறீர்களா? கொலுசு தொலைந்துவிட்டது, பிள்ளை ஒற்றைச் செருப்போடு வந்து நிற்கிறது, பர்ஸை எங்கே வைத்தாய். அத்தனை பேர் முன்னால் கத்துகிறோம். இங்கே ஒரு சம்பவத்தை நினைவில் வையுங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் படையோடு ஒரு பயணம் போய்க்கொண்டிருந்தபோது அன்னை ஆயிஷாவின் கழுத்துமாலை காணாமல் போனது. சகோதரி அஸ்மாவிடம் இரவல் வாங்கிய மாலை என்றும் அறிவிப்பு இருக்கிறது. அதைத் தேடுவதற்காக நாயகம் அங்கேயே தங்கினார்கள். கூட வந்த மக்கள் அனைவரும் தங்கினார்கள். அந்த இடத்தில் தண்ணீர் இல்லை, அவர்களிடமும் தண்ணீர் இல்லை. மக்கள் போய் அபூபக்கர் (ரலி) அவர்களிடம் முறையிட்டார்கள், உங்கள் மகள் செய்த வேலையைப் பாருங்கள் என்று. அபூபக்கர் வந்து மகளைக் கண்டித்தார்கள், விலாவில் கையால் குத்தவும் செய்தார்கள். அந்த நேரத்தில் நாயகம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? மாலையைத் தொலைத்த அதே மனைவியின் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்! அவர்களுடைய தூக்கம் கலைந்துவிடும் என்று அன்னை அசையவில்லை. தந்தை கோபப்பட்டார், ஊர் கோபப்பட்டது, கணவர் ஒரு கடுஞ்சொல் சொன்னதாக அறிவிப்பு இல்லை. அந்தச் சம்பவத்தில்தான் தயம்மும் வசனம் இறங்கியது. இந்த உம்மத்துக்கே ஒரு சலுகை கிடைத்தது. பிறகு ஒட்டகத்தை எழுப்பினால், மாலை அதன் அடியில் கிடக்கிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் இது. அடுத்த தடவை தொலைந்த கொலுசுக்காகப் பல்லைக் கடிக்கும்போது இந்த ஒட்டகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி நேரம் பொருள் வண்டி சீட்டுக்கு அடியில்தான் கிடக்கும்.

வண்டி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. நம்முடைய வண்டலூர் – வாலாஜாபாத் ரோடு எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரகடத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகின்றன. அந்த ரோட்டில் ஒரே பைக்கில் ஐந்து பேர். பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒன்று, தாயின் மடியில் கைக்குழந்தை, தாயின் புர்கா சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ஹெல்மெட் அத்தாவுக்கு மட்டும், அதுவும் போலீஸுக்காக. அன்ஜஷா என்ற ஒருவர் பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களைப் பாட்டுப் பாடி வேகமாக ஓட்டியபோது, கண்ணாடிப் பாத்திரங்களை ஏற்றிப் போகிறாய், மெதுவாகப் போ என்ற கருத்தில் நாயகம் அவரை நிறுத்தினார்கள். ஒட்டகத்தின் வேகத்துக்கே அப்படி. ஐந்து பேர் என்றால் இரண்டு பேர் பஸ்ஸில் வரட்டும், தாம்பரத்திலிருந்து பீச்சுக்கு மின்சார ரயில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்த ரயிலே பாதி சந்தோஷம். அல்லாஹ் நமக்குக் கொடுத்த அமானிதங்கள் அவை.

தொழுகை விஷயத்துக்கு வருகிறேன். குத்பாவுக்கு நேரம் நெருங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியே போனாலே முஸாஃபிர் ஆகிவிட்டோம், சுருக்கித் தொழலாம், சேர்த்துத் தொழலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கஸ்ருக்குத் தூரக் கணக்கு இருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் ஏறத்தாழ 77 கிலோமீட்டர், ஷாஃபி மத்ஹபில் ஏறத்தாழ 82 என்று உலமாக்கள் கணக்கிட்டுச் சொல்கிறார்கள். படப்பையிலிருந்து மெரினாவோ கோவளமோ மகாபலிபுரமோ அந்தத் தூரத்தை எட்டாது. பாண்டிச்சேரி, ஏலகிரி போனால் எட்டும். பீச்சுக்குப் போகிறவர் முழுத் தொழுகை, அந்தந்த நேரத்தில். மெரினாவில் மக்ரிப் தவறுவதுதான் அதிகம். சூரியன் மறைகிற நேரம்தான் காற்று நன்றாக இருக்கும், பிள்ளைகள் எழுந்து வராது, நேரமோ குறைவு. திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளி அங்கிருந்து கொஞ்ச தூரம்தான்; 1795-லிருந்து நின்றுகொண்டிருக்கிறது. போக முடியாவிட்டால் மணலில் ஒரு விரிப்பை விரித்துக் குடும்பத்தோடு ஜமாஅத் வையுங்கள். நாயகம் ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளுச் செய்வார்கள், ஏறத்தாழ ஒரு லிட்டர் பாட்டிலுக்குள் அடங்கும் அளவு அது. கடல் தண்ணீரிலும் ஒளு கூடும். ஆனால் ஒளுச் செய்கிறேன் என்று இருட்டில் அலைக்குள் இறங்கிவிடாதீர்கள். மெரினாவில் குளிக்கத் தடை விதித்திருப்பது சும்மா அல்ல. உங்கள் மகன் பெரியவனான பிறகு அந்த மணலில் அத்தாவுக்குப் பின்னால் நின்று தொழுததை மறக்க மாட்டான்.

செலவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கடனும் வாங்காதீர்கள். நாம் செலவு செய்யும் தீனார்களில் குடும்பத்துக்காகச் செலவு செய்வதற்கே அதிக நன்மை என்று முஸ்லிமில் ஹதீஸ் வருகிறது. அதற்காக ரிசார்ட்டுக்கு மாதத் தவணை கட்ட வேண்டும் என்பதில்லை. நாயகமும் அன்னை ஆயிஷாவும் ஒரு பயணத்தில், மற்றவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். முதல் தடவை அன்னை ஜெயித்தார்கள். சில காலம் கழித்து, அவர்களுக்கு உடம்பு கொஞ்சம் பூசியிருந்தபோது மறுபடி ஓடினார்கள், நாயகம் ஜெயித்தார்கள். அதற்கு இது சரியாகிவிட்டது என்று சிரித்தார்கள். அதற்கு டிக்கெட் எவ்வளவு? போன பந்தயத்தை ஞாபகம் வைத்திருக்கும் ஒரு கணவர் தேவைப்பட்டார், அவ்வளவுதான்.

நேற்று இரவு அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "நான் எதுக்குப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்றார்கள். மறுபடி கேட்டேன். முழங்காலைக் காட்டினார்கள். மூன்றாவது தடவை கேட்டதும், "செவ்வாய்க்கிழமை இல்லையே?" என்றார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஒரு நிக்காஹ் இருக்கிறது. அதை முடித்துவிட்டு இன்ஷா அல்லாஹ் கிளம்புகிறோம். அன்றைக்கு ளுஹரும் அஸரும் நம் முஅத்தின் வைப்பார். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். மஸ்அலா இருந்தால் திங்கட்கிழமை ஃபஜ்ருக்கு வந்து கேளுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.