அன்புக்கு உறுதி எழுதலாமா?

அன்பினால் இணையும் இருவருக்கிடையே பணத்தையும் கடமையையும் குறிக்கும் பத்திரம் எதற்கு? எழுத்து நுழையுமிடத்தில் அன்பு வெளியேறிவிடாதா? மணம் பற்றிய பேச்சு வகுப்பில் எழும்போதெல்லாம் எம் மாணவர் கேட்கும் கேள்வி இது. விடை காணுமுன், மணப்பத்திரத்தை மறைத்து வைக்காமல் ஓவியம் தீட்டி அழகு செய்த ஒரு சமூகத்தை நோக்குவோம்.

யூதர் அதனைக் 'கெத்துபா' என்பர். அரமேய மொழியில் எழுதப்படும் அப்பத்திரம், கணவன் மனைவிக்குக் கடமைப்பட்டதைக் கூறுவது. அவளுக்கு உணவும் உடையும் அளித்தல் அவன் பொறுப்பு. மணம் முறிந்தாலோ அவன் இறந்தாலோ குறித்த தொகை அவளுக்குரியது. கன்னிக்கு 200 சூஸ் வெள்ளிக்காசு, கைம்பெண்ணுக்கு 100 என்பது பழைய விதி. கணவனின் சொத்து அதற்குப் பிணை. பத்திரமோ மனைவியின் கையில் இருக்கும்.

இத்தாலியில் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில், பதப்படுத்திய தோலிலே பூவும் பறவையும் பொன்வண்ணமுமாக இது பொலிந்தது. எமக்கு அண்மையிலுள்ள கொச்சியில் வாழ்ந்த யூதரும் பூவேலைக் கரையிட்ட கெத்துபாக்களைப் போற்றினர். ஆடம்பரம் மிகவே, 1776இல் அன்கோனா நகர யூதர் அலங்காரச் செலவுக்கு எல்லை வகுக்க நேர்ந்தது. கரையின் அழகு வளர வளர, நடுவிலுள்ள எழுத்தை வாசிப்பார் குறைவர் என்பதை நாமும் அறிவோம்.

அவ்வெழுத்தின் வலிமையை ஓவியமற்ற ஒரு பழம் பத்திரம் உணர்த்துகிறது. 1961இல் சாக்கடலருகே ஒரு குகையில் யிகாயெல் யாதீன் கண்டெடுத்த தோற்பையில், பாபதா என்னும் பெண்ணின் ஆவணங்கள் இருந்தன. உரோமருக்கெதிரான கி.பி. 132–135 கிளர்ச்சிக் காலத்தில் அக்குகையை அடைந்தவள் அவள். பையில் அவளது மணப்பத்திரமும் இருந்தது. கணவன் இறந்தபின், தன் சீதனத்துக்கும் அவன் பட்ட கடனுக்கும் ஈடாக அவனுடைய பேரீச்சந் தோட்டங்களை அவள் கைவசம் வைத்திருந்ததையும் அவ்வேடுகள் காட்டுகின்றன.

பையோடு ஓடிய பெண்களைச் செட்டிகுளமும் அறியும். 2009இல் இங்கே மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்ட இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருள், காணி உறுதியையும் விவாகப் பதிவையும் பொலித்தீன் பையிற் சுற்றி நெஞ்சோடு அணைத்து வந்த பெண்கள் எத்தனை பேர்! முகாம் 2012இல் மூடப்பட்டது. அப்பைக்குள் இருந்த உறுதியோ இன்னமும் கேள்வி எழுப்புகிறது.

வட மாகாணத் தமிழருக்குரிய தேசவழமை 1707இல் ஒல்லாந்தரால் எழுத்துருப் பெற்றது. சீதனம் பெண்ணின் சொத்து என்பதே எம்மவர் கொள்கை. ஆனால், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சீதனக் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவன் இருக்குமிடம் தெரியாதவிடத்து மாவட்ட நீதிமன்றின் அனுமதி வேண்டும். காணாமலாக்கப்பட்டவனின் மனைவி, தன் தாய் தந்த நிலத்துக்காகத் தன் துயரத்தையே வழக்காக்க வேண்டியவளாகிறாள். அங்கே கணவனின் சொத்து மனைவிக்குப் பிணை. இங்கே மனைவியின் சொத்துக்குக் கணவனின் கையொப்பம் பூட்டு.

யூத முறை குறையற்றதென்று நாம் கூறவில்லை. மணமுறிவுப் பத்திரம் வழங்கும் உரிமை அவர்கள் சமய விதியிற் கணவனுக்கே உண்டு. அவன் மறுத்தால் அவள் கட்டுண்டவளே. ஆகவே எழுத்து இருப்பது மட்டும் போதாது. அது யாருக்கு யாரைக் கடமைப்படுத்துகிறது என்பதே கேள்வி.

எம் மாணவருக்கு நாம் கூறும் விடை இதுதான்: அன்பு உள்ள நாளில் எழுதிய எழுத்தே, அன்பு தளர்ந்த நாளிலும், அன்புடையவன் திரும்பாத நாளிலும் ஒரு பெண்ணுக்குத் துணை நிற்கும். ஆகவே எழுதுவது அன்புக்கு இழுக்கன்று. கூறையும் தாலியும் நாதசுரமும் எம் மணங்களின் பூவேலைகள். அவற்றை வெறுக்க வேண்டியதில்லை. அவற்றின் நடுவே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கவும், அநீதி இருப்பின் அதைத் திருத்தக் கோரவும் எம் மாணவியர் பழகவேண்டும். அதற்குத் துணைபுரியாத மொழிப் பாடம் எதற்கு?